இங்கிலாந்து மைதானங்களில் பீர்: 1985 தடையை எடுத்துவிடலாமா?

கன்னர் கார்த்தி:
இங்கிலாந்தில் ஆண்கள் கால்பந்தின் முதல் ஐந்து லீக் அடுக்குகளில், ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்து குடிக்கக் கூடாது. 1985 சட்டம். ஆனால் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள கடைகளில் பீர் தாராளமாக ஓடுகிறது. அதனால் இடைவேளைக்கு ஐந்து நிமிடம் முன்பே ஆட்கள் எழுந்துவிடுகிறார்கள். பதினைந்து நிமிடத்துக்குள் வரிசையில் நின்று, வாங்கி, மடமடவென்று ஊற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அதே மைதானத்தில் ரக்பி நடந்தால் இருக்கையிலேயே நிதானமாகக் குடிக்கலாம். இதில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது?

மேற்கு ஸ்டாண்ட்:
ரக்பியை இழுக்காதீர்கள். அங்கே இரு அணி ரசிகர்களும் கலந்து உட்காருவார்கள், கால்பந்தில் அது நடக்காது. 1980 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் பரம எதிரிகளான ரேஞ்சர்ஸ், செல்டிக் அணிகளின் ரசிகர்கள் ஹாம்ப்டன் பார்க் மைதானப் புல்தரையிலேயே இறங்கி அடித்துக்கொண்டார்கள். குதிரைப் போலீஸ்தான் விரட்டியது. ஸ்காட்லாந்தில் தடை வந்தது அதனால்தான். 2021 யூரோ இறுதியில்? காலையிலிருந்தே குடித்த கூட்டம். டிக்கெட் இல்லாத சுமார் 2,000 பேர் லண்டன் வெம்ப்ளி மைதானத்துக்குள் புகுந்தார்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான வாயிலையும் விடவில்லை.

கன்னர் கார்த்தி:
அவர்கள் குடித்தது தெருவில். இருக்கைத் தடை அதை எப்படி நிறுத்தும்? உள்ளே குடிக்க முடியாதென்றால் வெளியிலேயே முடிந்த மட்டும் ஏற்றிக்கொண்டுதான் வருவான். ஜெர்மனியில் நின்றபடியே பீரோடு பார்க்கிறார்கள். பதற்றமான ஆட்டம் என்றால் மட்டும் விற்பனையைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்துவார்கள்.

ஜானகி:
இருவருக்கும் ஒன்று. 1989-ல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி 97 பேர் இறந்தார்கள். போலீஸ் உடனே சொன்னது: ரசிகர்கள் குடித்திருந்தார்கள். அந்தப் பழி துடைக்கப்பட 2016 வரை ஆனது. ரசிகர்கள் மேல் தவறில்லை என்று விசாரணை நடுவர் குழு சொன்னது. 2022-ல் இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில் 130-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது கண்ணீர்ப்புகையும் அதனால் வாயில்களில் ஏற்பட்ட நெரிசலும். பீரையே பேசிக்கொண்டிருந்தால் கதவைத் திறக்க வேண்டியவன் தப்பித்துவிடுவான்.

மேற்கு ஸ்டாண்ட்:
ஹில்ஸ்பரோ பற்றி மாற்றுக் கருத்தே இல்லை, ஜானகி. ஆனால் கத்தாரையும் பாருங்கள். 2022 உலகக் கோப்பையில் தொடக்க ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு மைதானங்களில் பீர் விற்பனையை நிறுத்தினார்கள். இங்கிலாந்து ரசிகர் ஒருவர்கூடக் கைதாகவில்லை.

கன்னர் கார்த்தி:
அவ்வளவு செலவு செய்து போகிறவன் வேறு ரகம், தல. சட்டம் ஆண்கள் ஆட்டத்துக்கு மட்டும் என்பதால் 2025-ல் பெண்கள் இரண்டாம் அடுக்கில் நான்கு கிளப்புகள் இருக்கையில் குடிக்க விட்டுப் பார்த்தன. அதே மாதிரி ஆண்கள் நான்காம் அடுக்கான லீக் டூவிலும் சோதிக்கலாம். 2021-ல் அப்போதைய எம்.பி. டிரேசி கிரவுச் அரசுக்காகத் தயாரித்த கால்பந்து அறிக்கையே அதைப் பரிந்துரைத்தது.

மேற்கு ஸ்டாண்ட்:
சரி, சோதியுங்கள். ஆனால் கூட்டமே வராத செவ்வாய்க்கிழமை ராத்திரியில் செய்துவிட்டு "பிரச்சினையே இல்லை" என்று வராதீர்கள். ஒரு டெர்பியில், அதாவது உள்ளூர் எதிரிகள் மோதும் ஆட்டத்தில் வையுங்கள். அப்புறம் கோல் விழுந்ததும் பின்வரிசைக்காரர் கோப்பையோடு கையைத் தூக்குவாரே, முன்னால் இருக்கும் பிள்ளையின் தலையில் விழுவதற்கு யார் பொறுப்பு, கிளப்பா?