நிலாவாரை மருந்தை லேபிலேயே செய்துவிட்டால் நம்ம இலையை யார் வாங்குவார்கள்?

தேரிக்காட்டான்:
சாத்தான்குளம் பக்கம் மானாவாரி நிலம், மலச்சிக்கல் மருந்துக்குப் போகிற நிலாவாரைதான் போடுகிறோம். தம்பி எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு பிஎச்.டி. சேரப்போகிறேன் என்கிறான். மருந்து, பூச்சிமருந்து மூலக்கூறு எல்லாம் இனி லேபிலேயே செய்துவிடலாமாம். அப்படியென்றால் எங்கள் இலை என்ன ஆகும்? அவன் படிப்பால் வயலுக்கு ஏதாவது உண்டா?

பாளை கெமிஸ்ட்:
அண்ணாச்சி, பயப்படாதீங்க. செய்ய முடியும் என்பது வேறு, கட்டுப்படியாகும் என்பது வேறு. வேப்பங்கொட்டையில் இருக்கும் பூச்சிமருந்துப் பொருளான அசாடிராக்டினை கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லேயின் குழு 22 வருஷம் உட்கார்ந்து 2007-ல் செய்து முடித்தார்கள். பெரிய சாதனைதான், ஆனால் கிடைத்த அளவு சொற்பத்திலும் சொற்பம், கடையில் விற்கிற வேப்ப மருந்து இன்றைக்கும் கொட்டையிலிருந்துதான் வருகிறது. நிலாவாரை இலையின் மருந்துப் பொருளான சென்னோசைடும் அதே கதைதான், செடி சும்மா செய்து தருவதை ரியாக்டரில் காசு கொட்டி யார் செய்வார்கள்?

ஈஸ்ட்காரன்:
இவ்வளவு உறுதியாகச் சொல்லவேண்டாம். மலேரியா மருந்து ஆர்ட்டிமிசினினுக்கு முந்தைய அமிலத்தை மரபணு மாற்றிய ஈஸ்ட்டை வைத்துச் செய்து, 2013-ல் சனோஃபி மருந்துக் கம்பெனி இத்தாலியில் பெரிய அளவில் ஆரம்பித்தார்களே.

பாளை கெமிஸ்ட்:
ஆரம்பித்தார்கள், சரி, அப்புறம்? ஆர்ட்டிமிசினின் எடுக்கிற செடியின் இலை விலை இறங்கியதும் அந்த ஆலையே விற்பனைக்குப் போனது. ஆனால் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அந்த இலை விலை ஏறினால் ஈஸ்ட் திரும்ப வரும்.

அம்பை பயோடெக்:
விலையைப் பற்றியே பேசுகிறீர்களே, வயலுக்கு உதவுகிற விஷயம் உலர்த்துவதில் இருக்கிறது. பச்சை நிலாவாரை இலையில் சென்னோசைடு அவ்வளவாக இல்லை, அதற்கு முந்தைய பொருளான ஆந்த்ரோன் கிளைகோசைடுகள்தான் அதிகம். இலை காயும்போது அதிலுள்ள நொதிகள் அவற்றை இரண்டிரண்டாக ஒட்டித்தான் சென்னோசைடு உருவாகிறது. 20 முதல் 50 டிகிரி வரை நல்லது, அதற்கு மேல் சூடானால் உடைய ஆரம்பிக்கிறது. அதாவது களத்தில் நீங்கள் இலையைக் காயவைப்பதே பாதி கெமிஸ்ட்ரி வேலை அண்ணாச்சி. கொதிக்கிற தார் ரோட்டில் பரப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். தம்பியிடம் இதைச் சொல்லுங்க: உங்கள் களத்து இலையையே நிழலில் காய்ந்தது, வெயிலில் காய்ந்தது என்று பிரித்து ஹெச்பிஎல்சி-யில் (எந்தப் பொருள் எவ்வளவு என்று அளக்கும் மெஷின்) ஓட்டிப் பார்க்கட்டும். அந்த எண் கையில் இருந்தால் தூத்துக்குடி வியாபாரியிடம் விலை பேசலாம். ஐரோப்பிய மருந்துத் தர நூலிலேயே நம்ம ஊர் நிலாவாரைக் காய்க்கு 'தின்னவேலி' (திருநெல்வேலி) என்று தனிப் பெயர் இருந்தது, ஆனால் காசு இலையில் எவ்வளவு சென்னோசைடு என்பதற்குத்தான்.

தேரிக்காட்டான்:
அட, நாங்களும் வெயிலில்தான் போடுகிறோம். ஹெச்பிஎல்சி எல்லா காலேஜிலும் இருக்குமா?

அம்பை பயோடெக்:
இருக்காது. இருந்தாலும் ஓடுகிறதா என்பது வேறு கேள்வி. தம்பி வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த லேபுக்கு ஒருமுறை போய் மெஷினைப் பார்த்துவிட்டு வரட்டும்.