இன்சுலின் வளவுக்குள் வருமா, முகப்போடு நிற்குமா?

பள்ளத்தூர் வாத்தியார்: நேற்று இங்கே நம் பர்மாத்தேக்கு எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குக் காபி இறங்கவில்லை. இன்சுலின் ஒரு சாவியாம். செல்லுக்குள் நுழைந்து பூட்டைத் திறந்து சர்க்கரையை உள்ளே விடுகிறதாம். முப்பது வருடம் உயிரியல் நடத்தியவன் சொல்கிறேன், இன்சுலின் உள்ளே போகாது. வீட்டு முகப்பில் நின்று குரல் கொடுக்கும், உள்முற்றமான வளவுக்குள் வராது, அவ்வளவுதான். செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சேதி வாங்கும் புரதமான ஏற்பியைப் பிடிக்கிறது. ஏற்பியின் உள்பக்க வால் தன்மேலேயே பாஸ்பேட்டை ஒட்டிக்கொள்கிறது. அந்தச் சேதி கைமாறிக் கைமாறிப் போய், உள்ளே இரண்டாம் கட்டுக்குள் கிடந்த, சர்க்கரைக்கு வழிவிடும் குளூட்-4 புரதங்களை வாசலுக்குக் கொண்டுவருகிறது. தசையிலும் கொழுப்பிலும் சர்க்கரை அதன் வழியாகத்தான் நுழைகிறது.

பர்மாத்தேக்கு: போகாது என்றால் ரத்தத்தில் இருக்கும் இன்சுலின் ஐந்தாறு நிமிடத்தில் பாதியாகக் குறைவது எப்படி வாத்தியாரே? ஆவியாகிறதா? செல்லின் சவ்வு குழிந்து ஏற்பியோடு சேர்த்து அதை விழுங்குகிறது. உள்ளே அமிலம் ஏறியதும் இரண்டும் பிரிகின்றன. இன்சுலின் சிதைகிறது, ஏற்பி பெரும்பாலும் வாசலுக்கே திரும்புகிறது. ஆக, உள்ளே போகிறது.

பள்ளத்தூர் வாத்தியார்: அதற்குப் பெயர் குப்பை அள்ளுவது. வேலை வெளியிலேயே முடிந்துவிட்டது. உள்ளே போகாது.

பர்மாத்தேக்கு: குப்பையாகவே இருக்கட்டும். எங்கே அள்ளுகிறார்கள்? உள்ளே.

கவுனிப்பிரியை: அண்ணன்மார்களே, சர்க்கரை உள்ளவர்கள் கவுனி அரிசி சாப்பிடலாமா என்று நான் கேட்டதில்தான் இந்தப் பேச்சே ஆரம்பித்தது.

பள்ளத்தூர் வாத்தியார்: கறுப்பாக இருந்தாலும் மாவுச்சத்து மாவுச்சத்துதான் தங்கச்சி. அதன் தலையில் சர்க்கரை, தேங்காய், நெய் எல்லாம் கொட்டிவிட்டு இன்சுலினைக் குறை சொல்லக்கூடாது. இரண்டு கரண்டியோடு நிறுத்தி, எழுந்து நடக்க வேண்டும். தசை அசைந்தால் இன்சுலின் கூப்பிடாமலே குளூட்-4 வாசலுக்கு வரும்.

தேவகோட்டைக்காரி: கவுனியைப் பற்றி வாத்தியாரா பேசுவது? சென்ற தை மாதம் அவர் வீட்டு விசேஷத்தில் மதியம் ஊறவைத்துச் சாயங்காலம் பரிமாறினார்கள். என் பல் ஆடியது. எங்கள் ஊரில் முதல்நாள் ராத்திரியே ஊறவைப்போம்.

பள்ளத்தூர் வாத்தியார்: ஆடிய பல் அதற்கு முன்பே ஆடியது.

புதுவயல் மருந்துக்கடை: ஒரு வார்த்தை. உள்ளிழுப்பது வெறும் குப்பை வேலை இல்லை, கட்டுப்பாடே அதுதான். செல்லைப் பெருகச் சொல்லும் வளர்ச்சிக் காரணிகளின் ஏற்பிகளை உள்ளே இழுத்து, செல்லின் செரிமான அறையான லைசோசோமில் கரைக்காவிட்டால் செல் ஓயாமல் பெருகும். புற்றுநோய்க்கு அதுவும் ஒரு வழி. ஒட்டிய பாஸ்பேட்டைப் பிய்த்தெடுக்கத் தனி நொதிகளும் இருக்கின்றன. சேதியை அணைக்க ஆள் இல்லாவிட்டால்...

பள்ளத்தூர் வாத்தியார்: புற்றுநோயை யார் கேட்டார்கள் தம்பி? மாத்திரை எடுத்துக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என் கேள்வி ஒன்றே ஒன்று: இன்சுலின் உள்ளே போய்ச் சர்க்கரைக்குக் கதவைத் திறக்கிறதா, இல்லையா?

பர்மாத்தேக்கு: பார்த்தீர்களா! 'போய்க் கதவைத் திறக்கிறதா' என்று இப்போது வால் ஒட்டுகிறார். காலையில் வெறும் 'போகாது'தான்.

பள்ளத்தூர் வாத்தியார்: இன்னொரு முறை எழுதுகிறேன், எழுத்துக்கூட்டிப் படியுங்கள். போகாது.

பர்மாத்தேக்கு: பிள்ளையார்பட்டி சதுர்த்திக்கும் இப்படித்தான். ஏழு மணிக்குப் பஸ் கிடையாது என்று அடித்துச் சொன்னார். நான் அதில்தான் ஏறிப் போனேன்.

பள்ளத்தூர் வாத்தியார்: அது ஏழேகால் பஸ்.