ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல்: ரீமேப்புக்குப் பிறகு திம்பம் ஏற்றத்தில் மிஸ்ஸிங், எஞ்சின் லைட் மினுக்குகிறது. உதவி வேண்டும்

மஞ்சள்மண்டி_33

வணக்கமுங்க. ஈரோட்டில் இருந்து எழுதுகிறேன். வண்டி ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல். ஆறு கியர் மேனுவல். 58,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கம்பெனி கொடுத்தது ஏறக்குறைய 110 குதிரைத்திறன், 170 நியூட்டன் மீட்டர். ஐந்து மாதத்துக்கு முன்பு, 52,000 கி.மீ.யில், ஸ்டேஜ் 1 ரீமேப் போட்டேன், அதாவது பாகம் எதையும் மாற்றாமல் எஞ்சின் கம்ப்யூட்டரில் இருக்கும் மேப்பை (சாஃப்ட்வேரை) மட்டும் திருத்துவது. இப்போது 138 குதிரைத்திறன், 225 நியூட்டன் மீட்டர் என்று கடையில் சொன்னார்கள். டைனோவில் (சக்தியை அளக்கும் மிஷின்) ஏற்றிக் காட்டவில்லை.

முதல் மூன்று மாதம் இழுவை அருமையாக இருந்தது. வியாபாரத்துக்காக மாதம் இரண்டு தடவை சாம்ராஜ்நகர், மைசூர் போவேன். போன வாரம் பண்ணாரி தாண்டி திம்பம் ஏறும்போது, பத்தாவது வளைவுக்கு மேல் ஒரு கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். இடம் கிடைத்ததும் மூன்றாவது கியரிலேயே, சுமார் 1,700 ஆர்பிஎம்மில், முழுதாக மிதித்தேன். வண்டி நான்கைந்து முறை வெட்டி வெட்டி இழுத்தது, எஞ்சின் லைட் மினுக்கியது, அப்புறம் சுத்தமாக இழுவை போய்விட்டது. ஓரம் கட்டி ஆஃப் செய்து ஆன் செய்தேன், சரியானது. அதற்குப் பிறகு சமதளத்திலும் இரண்டு தடவை இப்படி ஆனது.

ஸ்கேனரில் பி0303, பி0299 என்று இரண்டு எரர் கோடு வருகிறது. மைலேஜ் 16இல் இருந்து 14க்கு வந்துவிட்டது. ஐந்தாவது கியரில் அழுத்தினால் ஆர்பிஎம் மட்டும் ஏறுகிற மாதிரியும் தெரிகிறது. ரீமேப் கடையில் கேட்டால் பெட்ரோல் சரியில்லை என்கிறார்கள். எஞ்சின் போய்விட்டதா? வீட்டில் இன்னும் ரீமேப் போட்டதையே சொல்லவில்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

தாராபுரம்_78

பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங், அதாவது பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. பி0299 என்றால் டர்போ கொடுக்க வேண்டிய பூஸ்ட் (அழுத்திய காற்று) வரவில்லை. பிளக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? என்ன ஆயில்? எந்த பெட்ரோல்? முதலில் இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

கோவை_38

லைட் மினுக்கும்போது மட்டும் தயவுசெய்து மிதிக்காதீர்கள். விடாமல் எரிந்தால் சர்வீஸுக்குப் போகச் சொல்கிறது என்று அர்த்தம். மினுக்கினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வெர்டருக்குள் எரிகிறது என்று அர்த்தம். அது உருகி அடைத்துக்கொண்டால் செலவு பல மடங்கு ஆகிவிடும்.

மஞ்சள்மண்டி_33

பிளக் மாற்றவே இல்லைங்க, வண்டியோடு வந்ததுதான். ஆயில் கடைசியாக வெளியே ஒரு கடையில் மாற்றினேன், 5டபிள்யூ-30 என்பது மட்டும் நினைவிருக்கிறது. 3,000 கி.மீ.க்கு அரை லிட்டர் குறைகிறது. பெட்ரோல் பங்கில் போடும் சாதா ஈ20தான் (20 சதவீதம் எத்தனால் கலந்தது).

பட்டறை_41

தம்பி, பொள்ளாச்சியில் 22 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆழியாறில் இருந்து வால்பாறைக்கு 40 வளைவு ஏறி இறங்கும் வண்டிகள் எங்களிடம்தான் வரும். நீங்கள் சொன்ன கதையை வேறு வேறு வண்டிகளில் பலமுறை பார்த்துவிட்டேன். எஞ்சின் போய்விட்டது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். ஆனால் இன்னும் பத்து தடவை இதே மாதிரி மிதித்தால் போய்விடும்.

பிளக்கில் இருந்து ஆரம்பிக்கிறேன். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட, பிளக் நுனியில் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். 58,000 கி.மீ. ஓடிய பிளக்கில் இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கும். பழைய மேப்பில் காயில் (பிளக்குக்கு வோல்டேஜ் கொடுப்பது) அதை எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தது. பூஸ்ட் ஏறியதும் சமாளிக்க முடியாமல் பொறி விட்டுப் போகிறது, அதுதான் உங்கள் மிஸ்ஸிங். தேய்ந்த பிளக்கோடு மல்லுக்கட்டும் காயிலும் சூடேறி விரிசல் விட்டுவிடும். சோதிக்கக் காசு வேண்டாம். மூன்றாவது சிலிண்டர் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் போடுங்கள், முதலாவதை மூன்றில் போடுங்கள். கோடு பி0301 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் பி0303 ஆகவே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

பி0299க்கு, டர்போவில் இருந்து இன்டர்கூலர் (டர்போ காற்றைக் குளிர்விப்பது) போய்த் திரும்பும் ஹோஸ் எல்லாவற்றையும் கையால் தடவிப் பாருங்கள். கிளாம்ப் அருகே ஆயில் கசிந்து கறுப்பாக இருந்தால் அங்கே காற்று போகிறது. புகை விட்டுக் கசிவைக் காட்டும் ஸ்மோக் மிஷின் இருக்கும் இடத்தில் போட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான் உண்மையில் சொல்ல வந்தது வேறு. 225 நியூட்டன் மீட்டர் என்று கடையில் சொன்ன எண்ணை ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டார்க்கை 12.57ஆல் பெருக்கி, எஞ்சின் கொள்ளளவை லிட்டரில் வைத்து வகுத்து, அதை 100ஆல் வகுத்தால், பிஸ்டன் மேல் வேலை செய்யும் சராசரி அழுத்தம் பார் கணக்கில் வரும். டர்போ இல்லாத 1.2 லிட்டர் ஸ்விஃப்ட் 113 நியூட்டன் மீட்டர் கொடுத்தது, அதற்கு 11.8 பார். உங்கள் வண்டி கம்பெனியில் இருந்து வந்தபோதே 21.4 பார். அதாவது எதுவும் தொடாமலே சாதா எஞ்சினைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுமை. ரீமேப் போட்ட பிறகு 28.3 பார். இது சராசரிதான். எரியும் நொடியில் உச்ச அழுத்தம் இதைப் போலப் பல மடங்கு ஏறும். சின்ன எஞ்சின் என்பதால் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் பேரிங்கும் எல்லாமே சின்னது. கம்பெனிக்காரர்கள் பாதுகாப்புக்காக விட்டுவைத்த இடைவெளியைத்தான் நாம் பூஸ்டாக மாற்றிச் செலவு செய்கிறோம். சித்திரை வெயிலுக்கும், மட்டமான பெட்ரோலுக்கும், ஆயில் மாற்ற மறந்த ஆறு மாதத்துக்கும் சேர்த்துத்தான் அந்த இடைவெளியை விட்டிருந்தார்கள்.

குதிரைத்திறன் 138 என்பதைக் கண்டு நான் பயப்படவில்லை. அது 5,000 ஆர்பிஎம்முக்கு மேல் வருவது, எத்தனை நேரம் அங்கே ஓட்டப் போகிறீர்கள்? பயம் எல்லாம் 1,700 ஆர்பிஎம்மில் 225 நியூட்டன் மீட்டர் கேட்பதில்தான். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போவில், குறைந்த ஆர்பிஎம்மில் முழுச் சுமை கொடுக்கும்போது, பிஸ்டன் ஓரத்தில் தங்கும் ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி, பிளக் பொறி வருவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் இன்னும் மேலே வந்துகொண்டிருக்கும்போதே வெடிப்பு நடக்கிறது. சாதா நாக்கிங் (பொறி வந்த பிறகு மிச்சக் கலவை தானாக வெடிப்பது) என்றால் நாக் சென்சார் கேட்டு டைமிங்கைப் பின்னால் இழுத்துக் காப்பாற்றும். இதில் பொறிக்கே வேலை இல்லை என்பதால் டைமிங்கை இழுத்து ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு அடி போதும், ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு உடைந்துவிடும். நீங்கள் லாரிக்குப் பின்னால் செய்தது கச்சிதமாக இந்தச் சூழ்நிலைதான்.

அதனால்தான் ஆயிலைப் பற்றித் தாராபுரத்துக்காரர் கேட்டார். 5டபிள்யூ-30 என்பது ஆயிலின் கனம் மட்டும். டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்ற தரக் குறியீடு போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த முன்பற்றலைத் தடுக்கும் சோதனையை 2018இல் எஸ்என் பிளஸ் தரத்தில் சேர்த்தார்கள், 2020இல் எஸ்பி வந்தது. ஆயிலில் கால்சியம் அதிகமாக இருந்தால் முன்பற்றல் கூடுகிறது என்று தெரிந்த பிறகு, அதைக் குறைத்து மெக்னீசியம் கலக்கிறார்கள். வண்டிக் கையேட்டில் கேட்டிருக்கும் தரமும் சேர்ந்து இருந்தால்தான் வாங்குங்கள்.

கோவை_38

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனாலும் ரீமேப் என்றாலே தவறு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னுடையதும் ஒரு லிட்டர் டர்போதான், ரீமேப்போடு 40,000 கி.மீ. ஓடிவிட்டது. போடும் முன்பே புது பிளக் போட்டேன், இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து வைத்தோம். 20,000 கி.மீ.க்கு ஒரு தடவை பிளக் மாற்றுகிறேன், 7,500க்கு ஆயில். பெட்ரோல் எக்ஸ்பி 95. முக்கியமாக, 2,500 ஆர்பிஎம்முக்குக் கீழே டார்க்கை கம்பெனி அளவிலேயே வைக்கச் சொல்லி மேப் எழுதி வாங்கினேன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டியபோது நான்காவது சுற்றிலேயே இன்டர்கூலர் சூடேறி இழுவை குறைந்தது, உடனே நிறுத்தி ஆறவைத்தேன்.

பெட்ரோல் சரியில்லை என்று உங்கள் கடைக்காரர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஈ20க்குக் குறைந்தபட்ச ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) 95 என்றுதான் தர விதி. முன்பு போட்ட 91ஐ விட நாக்கிங்குக்கு இது நல்லது. எத்தனாலில் சக்தி குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இந்த ஊர் பெட்ரோலுக்கு ஒத்து வராத மேப் என்றால், அதை எழுதியவர்தான் பொறுப்பு.

தாராபுரம்_78

என்னுடையது 1.3 டீசல், இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். அதே டீசல் எஞ்சின் மாருதியில் 75 குதிரைத்திறனிலும் வந்தது, 90லும் வந்தது. 90க்குப் போனபோது வேரியபிள் டர்போவுக்கே மாறினார்கள். கூடுதல் சக்திக்கு வெறும் சாஃப்ட்வேர் போதும் என்று கம்பெனியே நினைக்கவில்லை.

கிளட்சையும் கியர்பாக்ஸையும் மறக்காதீர்கள். ஐந்தாவது கியரில் ஆர்பிஎம் மட்டும் ஏறுகிறது என்றீர்களே, அது கிளட்ச் வழுக்குகிற அடையாளம். வோக்ஸ்வேகன் சின்ன வண்டிகளில் வரும் மேனுவல் கியர்பாக்ஸின் பெயர் எம்கியூ200. அந்த 200 என்பது அது தாங்கும் நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் கியர்பாக்ஸுக்கும் அப்படி ஓர் அளவு இருக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மஞ்சள்மண்டி_33

எல்லாருக்கும் நன்றிங்க. நேற்று ஈரோட்டிலேயே ஒரு பட்டறையில் கூட உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

காயிலை மாற்றிப் போட்டு பெருந்துறை ரோட்டில் ஓட்டினோம், கோடு பி0301 ஆனது. கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் காயிலின் ரப்பர் குழாயில் முடி போல ஒரு விரிசல். பிளக் மூன்றிலும் இடைவெளி 1 மி.மீ.க்கு மேல், புதுசுக்கு இருக்க வேண்டியது 0.7. இன்டர்கூலரில் இருந்து வரும் ஹோஸில் கிளாம்ப் தளர்ந்து, சுற்றிலும் ஆயில் பிசுக்கு. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) 178, 176, 172 பிஎஸ்ஐ. கேமரா விட்டுப் பார்த்தோம், பிஸ்டன் தலையில் உடைசல் எதுவும் இல்லை. இதைக் கேட்டபோதுதான் மூச்சே வந்தது.

ஓட்டும்போது ஸ்கேனரில் லாக் (பதிவு) எடுத்ததில், மேப் கேட்ட பூஸ்ட் வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்த்து 2.4 பார், வந்தது 2 பார். உள்ளே போகும் காற்றின் வெப்பம் 68 டிகிரி. கிளட்ச் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

இப்போது கேள்வி: ஹோஸும் காயிலும் சரி செய்துவிட்டால் இதே மேப்பை வைத்துக்கொள்ளலாமா? அடுத்த மாதம் குடும்பத்தோடு ஊட்டி போக வேண்டியிருக்கிறது.

பட்டறை_41

கம்ப்ரஷன் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது பெரிய நிம்மதி. மூன்றாவது கொஞ்சம் குறைவுதான், ஆனால் கவலைப்படும் அளவு இல்லை. 5,000 கி.மீ. கழித்து மறுபடி ஒரு தடவை பாருங்கள். ஆயில் குறைவதையும் அளந்து எழுதி வையுங்கள், கூடினால் சொல்லுங்கள்.

மேப்பை வைத்துக்கொள்ளலாமா என்றால், என் பதில் வேண்டாம். ஊட்டி என்று சொன்னதால் இதையும் கேளுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். கடல் மட்டத்தில் 2.4 பார் கொடுக்க டர்போ காற்றை 2.4 மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் அதே 2.4 வேண்டுமென்றால் 3.1 மடங்கு அழுத்த வேண்டும். ஏற்கெனவே நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சின்ன டர்போ அதை இன்னும் வேகமாகச் சுற்றித்தான் கொடுக்க முடியும். கம்பெனி மேப்பில் உயரத்துக்கு ஏற்ப பூஸ்ட்டைக் குறைக்கும் கணக்கு இருக்கும். ரீமேப் எழுதுபவர் அதைக் கை வைக்காமல் விட்டாரா, எடுத்துவிட்டாரா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கம்பெனி மேப்புக்கே திரும்புங்கள். குறைந்தது 5,000 கி.மீ. அதில் ஓட்டுங்கள். அப்புறமும் ஆசை விடவில்லை என்றால் கோவைத் தம்பி செய்த மாதிரி, கீழே டார்க்கை ஏற்றாமல், உச்சம் 200க்குள், டைனோவில் உங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டுபவரிடம் மட்டும் போடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வீட்டிலும் சொல்லிவிடுங்கள் தம்பி, அந்த வண்டியில் அவர்களும்தானே உட்காருகிறார்கள்.

ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் போனால் இரண்டாவது கியர், 3,000 ஆர்பிஎம். சத்தம் கேட்கிறதே என்று பயப்பட வேண்டாம், எஞ்சினுக்கு அதுதான் சுகம். மேலே போய் நிறுத்தியதும் உடனே சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

மஞ்சள்மண்டி_33

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். கம்பெனி மேப் திரும்பப் போட்டாயிற்று. மூன்று காயில், மூன்று பிளக், ஹோஸ் கிளாம்ப், கிளட்ச் செட், எஸ்பி ஆயில் எல்லாம் புதுசு. வீட்டிலும் சொல்லிவிட்டேன். நேற்று திம்பம் ஏறினேன், நீங்கள் சொன்ன மாதிரி இரண்டாவது கியரில். லைட் வரவில்லை, லாக்கில் ஒரு மிஸ்ஸிங்கூட இல்லை. பூஸ்ட் கேட்டதும் வந்ததும் ஒன்றாக இருக்கிறது. மைலேஜ் 15.8.

பட்டறை_41

சந்தோஷம் தம்பி. ஆனால் கிளட்ச் புதுசு என்றீர்களே, 500 கி.மீ. ஓடிப் பழகும் வரை மலை வேண்டாம் என்று சொல்ல மறந்துவிட்டேன். ஊட்டிக்கு முன்னால் கரூர் பக்கம் இரண்டு தடவை சமதளத்தில் போய் வந்துவிடுங்கள்.