‘கரை’ என்று அந்த அக்கா சொன்னதை நான் தவறாக மொழிபெயர்த்த நாள்

வளாக நிகழ்வுகளில் சந்தித்து இன்னும் மறக்காத மனிதர்களைப் பற்றி எல்லோரும் எழுதி வருகிறீர்கள். நான் எழுத நினைத்தது ஒரு மீனவ அக்காவைப் பற்றி. அதில் என் தவறும் இருப்பதால் இத்தனை நாள் தயங்கினேன்.

அன்று டிசம்பர் 10, மனித உரிமை நாள். புதுச்சேரியில் நான் முதுகலை படித்த வளாகத்தில் காலையில் மனித உரிமை அமர்வு, பிற்பகலில் கடற்கரையும் நிலைத்த வளர்ச்சியும் பற்றிய அமர்வு. வடக்கே இருக்கும் குப்பங்களிலிருந்து ஐந்து பெண்களை அழைத்திருந்தார்கள். பேச்செல்லாம் ஆங்கிலம். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே என்பது காலை ஒன்பதரைக்குத்தான் யாருக்கோ நினைவுக்கு வந்தது. “நீயே பண்ணிடும்மா” என்றார்கள். சரி என்று அவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன்.

காலையில் ஒரு பேராசிரியர் ஹன்சா மேத்தாவைப் பற்றிச் சொன்னார். 1948இல் ஐ.நா.வில் ஏற்கப்பட்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு, வரைவில் ‘ஆல் மென்’ என்றுதான் தொடங்கியதாம். இந்தியாவின் சார்பில் போயிருந்த ஹன்சா மேத்தா விடாமல் வாதாடி அதை ‘ஆல் ஹியூமன் பீயிங்ஸ்’ என்று மாற்ற வைத்தார். நான் மெதுவாகத் தமிழில் சொன்னேன். பக்கத்தில் இருந்த அக்கா, “ஒரு வார்த்தைக்கே அவ்ளோ சண்டையா?” என்று கேட்டுவிட்டு மற்றவர்களுக்கும் அதைச் சொன்னார்.

பிற்பகல் திரையில் நம் கடற்கரையின் படம் வந்தது. இந்தக் கரையோரம் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய கல் சுவர்கள் அதை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே வராமல் போனது. கடல் ஊருக்குள் ஏறாமலிருக்கக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய ஊர் தப்பும், அதற்கு அடுத்த வடக்கூரில் கடல் ஏறும். பேச்சாளர் அடுத்த படத்துக்குப் போவதற்குள் அந்த அக்கா விரலை மடக்கி, “கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம்” என்று வரிசையாக என்னிடம் சொல்லிவிட்டார். திரையிலும் அதே வரிசைதான் வந்தது.

அப்புறம் மேடையிலிருந்து கேள்வி வந்தது: உங்களுக்கு என்ன வேண்டும்?

“எங்களுக்குக் கரை வேணும் பாப்பா. வேற ஒண்ணும் கேக்கல.”

நான் ஒலிவாங்கியில் அவர்கள் ‘பீச்’ திரும்ப வேண்டும் என்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பேச்சாளரின் முகம் மலர்ந்தது. 2018இல் கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்று வைத்ததையும், அதன்பின் நகரத்துக் கடற்கரையில் மணல் திரும்பியதையும் படத்தோடு காட்டினார். பல ஆண்டுகள் கருங்கல்லாகவே இருந்த இடத்தில் குடும்பங்கள் மணலில் நடந்துகொண்டிருந்தன. அரங்கம் கைதட்டியது. எனக்கும் அது நல்ல செய்தியாகத்தான் இருந்தது, மகிழ்ச்சியோடு அந்த அக்காவுக்குச் சொன்னேன்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அங்க எங்க படகை ஏத்த விடுவாங்களா?” என்றார்.

பதில் தெரியாமல், கரை என்று எதைச் சொன்னீர்கள் அக்கா என்று அப்போதுதான் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அவர் சொல்லிக்கொண்டே போனார். ஃபைபர் படகை ஏற்றி வைக்கும் இடம். வலையைப் பரப்பிக் கண்ணி பார்த்துத் தைக்கும் இடம். கரைவலை இழுப்பவர்கள் கால் ஊன்ற வேண்டிய மணல். மீனை ஏலம் விடும் இடம். விற்காத மீனை உப்புப் போட்டுக் காயவைக்கும் இடம். கரை போன பிறகு ஆண்கள் படகை வேறு ஊரில் ஏற்றி வைக்கிறார்களாம். அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். மீன் அங்கேயே விலை போய்விடுகிறது, தனக்குக் கூடையில் எடுக்க மிஞ்சுவதில்லை என்றார். “கருவாட்டை இப்ப ரோட்டோரம் காயப்போடறேன். வண்டிக்காரங்க திட்டறாங்க.”

இவ்வளவும் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்திருக்கிறது. நான் அதை மாலையில் காலாற நடக்கும் இடமாக மாற்றிவிட்டேன். எழுந்து, ஒலிவாங்கியை மறுபடி கேட்டு வாங்கி, நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று தொடங்கினேன். நேரம் ஆகிவிட்டது என்று சைகை வந்தது. பேச்சாளரோ உட்காரச் சொல்லாமல் குறிப்பேட்டை எடுத்தார். கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர்மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

அதன்பின் நாங்கள் நான்கு மாணவர்கள் சில ஞாயிற்றுக்கிழமைகள் அந்த ஊருக்குப் போனோம். கடலோரத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சொல்லும் 2011ஆம் ஆண்டு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் நோக்கங்களில் மீனவர் வாழ்வாதாரப் பாதுகாப்பும் உண்டு என்று வகுப்பில் படித்திருந்தோம். உரிமை கேட்க வேண்டுமென்றால் இடத்தைக் காட்ட வேண்டும். அக்கா முன்னால் நடந்து இங்கே வலை, இங்கே ஏலம் என்று சொல்லச் சொல்ல வரைந்தோம். சில இடங்களைக் காட்ட அவர் கடலுக்குள் கையை நீட்ட வேண்டியிருந்தது. அவற்றைப் புள்ளிக்கோடு போட்டுக் குறித்தோம். எல்லாப் பெயரையும் தமிழிலேயே எழுதினோம்.

உங்கள் கல்லூரியில் இப்படி ஒரு நிகழ்வு வைத்தால், ஊர்க்காரர்களை அழைக்கும்போதே மொழிபெயர்ப்பவரையும் முடிவு செய்யுங்கள். முந்தின நாள் அவரை அந்த ஊருக்கு அனுப்பி இரண்டு மணி நேரம் பேசிப் பழக விடுங்கள்.

*

மறுமொழி, கடலூரிலிருந்து:

அக்கா, படித்ததும் எங்கள் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து ஊர்கள்தான் நினைவுக்கு வந்தன. 2004 வாக்கில் அங்கே கிராமத்து ஆட்களே வாளிக்குள் பை வைத்த ஒரு கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அப்படிக் காற்றுப் பிடித்த பெரியவர் ஒருவர் எங்கள் கல்லூரிக்கு வந்து பேசினார். “அழுகின முட்டை நாத்தம்” என்றார். பின்வரிசையில் சிரித்தார்கள், சிரித்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் வேதியியல் ஆசிரியர் எழுந்து, அது ஹைட்ரஜன் சல்பைடின் வாசனை, பாடப்புத்தகத்திலும் அதே சொற்கள்தான் இருக்கின்றன என்றார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. எந்த நாள், எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருந்தார் பெரியவர். அன்று அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

*

தம்பி, அந்த நோட்டு இப்போது யாரிடம் இருக்கிறது? முடிந்தால் அவர் ஊருக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். நாற்றத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களை அவர்கள் சொல்கிறபடியே எழுதி எடுத்து வாருங்கள். நாங்கள் கரைக்குச் சேர்த்த சொற்கள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றைப் படமெடுத்து இன்று இரவு இங்கே போடுகிறேன்.