தன்னார்வலர் அக்காக்களுக்குப் பயிற்சி: வகுப்புல தலையாட்டறாங்க, வீட்டுல தப்பாகுது

மலையடிவார நர்ஸ்:
கொல்லிமலை அடிவாரத்துல கிராம சுகாதார செவிலியர் நான். வீடு தேடிப் போய் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துக்கு மகளிர் குழுவுல இருந்து புதுசா ஆறு பேர் வந்திருக்காங்க. ஒரு நாள் முழுக்க வகுப்பு எடுத்தேன். "புரிஞ்சுதா?"ன்னா "புரிஞ்சுது மேடம்"னாங்க. மூணாம் நாள் ஒரு அக்காகூடப் போனேன். தாத்தாவோட முழுக்கைச் சட்டை மேலயே பிரஷர் மெஷினோட கஃப்பை (கையில சுத்தற பட்டை) சுத்தி, மாட்டு விலை பேசிக்கிட்டே பட்டனை அமுக்கறாங்க. 168 காட்டுச்சு. சட்டையைக் கழட்டி, அஞ்சு நிமிஷம் பேசாம உட்காரவச்சு நான் பார்த்தா 142. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல, நான் சொல்லிக்கொடுத்த லட்சணம் அப்படி. அனுபவப்பட்டவங்க வழி சொல்லுங்க.

ரிட்டையர்டு நர்ஸம்மா:
தங்கச்சி, இந்த 'புரிஞ்சுது மேடம்' என்னையும் ரொம்ப வருஷம் ஏமாத்துச்சு. பேதியாகிற பிள்ளைக்குக் கொடுக்கற ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைப் பாக்கெட் ஒண்ணுக்குத் தண்ணி ஒரு லிட்டர்னு வாய் வலிக்கச் சொல்லுவேன். ஒரு நாள் ஒரு வீட்டுல, "லிட்டர்னா எவ்வளவு, காட்டும்மா"ன்னு கேட்டேன். சொம்பை நீட்டினா. அளந்தா முக்கால் லிட்டர்கூடப் பிடிக்கல. அடுத்த வீட்டுல டம்ளர் தண்ணியில அரைப் பாக்கெட்டைக் கொட்டிக் கலக்கியாச்சு. கரைசல் அவ்வளவு கெட்டியானா உப்பு ஏறி, ஏற்கெனவே வாடிக்கிடக்கிற பிள்ளைக்கு ஆபத்து.

அதுக்கப்புறம் வகுப்புக்கு வர்றவங்களை அவங்கவங்க வீட்டுச் சொம்போ குண்டானோ கொண்டுவரச் சொல்லிட்டேன். கடையில விக்கற ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலை அதுல ஊத்தி, நின்ன இடத்துல நெயில் பாலிஷ்ல ஒரு கோடு. பிறகு அவங்களே கலக்கி, அவங்களே குடிச்சுப் பாக்கணும். கலக்கினது 24 மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்டிடணும். ஜிங்க் மாத்திரையை பேதி நின்னதும் நிறுத்திடுவாங்க. 14 நாளும் கொடுக்கணும்னு பக்கத்துல உட்கார்ந்து சொல்லச் சொல்லு.

பிரஷருக்கும் அதேதான். ஆறு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் பாக்கட்டும். நீ வாயைத் திறக்காத.

குழு அக்கா:
நானே தன்னார்வலர்தான் மேடம். எனக்கு வகுப்புல எதுவும் ஏறல. எங்க மாமியாருக்குப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன், தப்பாச்சுன்னா அவங்க விடவே மாட்டாங்க! இன்னொண்ணு, "மாத்திரை சாப்பிடறீங்களா?"ன்னு கேட்டா எல்லாரும் 'ஆமா'தான். நான் அட்டையைக் கொண்டாங்கன்னு வாங்கி எண்ணிடுவேன். ஒரு பெரியவர் வீட்டுல மூணு மாச மாத்திரை அரிசிப் பானைக்குள்ள கிடந்துச்சு. "உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு?"ங்கறார். அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எந்த வகுப்புலயும் யாரும் சொல்லித்தரல.

பழைய வாசகன்:
நான் நர்ஸ் இல்ல, படிச்சதைச் சொல்றேன். மகாராஷ்டிராவுல ஜாம்கேட்னு ஒரு வறண்ட ஊர். ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலேன்னு டாக்டர் தம்பதி 1970ல அங்க வேலை ஆரம்பிச்சாங்க. கிராமத்துப் பொம்பளைங்களையே சுகாதாரப் பணியாளரா ஆக்கினாங்க, அதுல பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரே தடவை வகுப்பு எடுத்து அனுப்பிடல. ஊர்ல வேலை பார்த்துட்டுத் திரும்பத் திரும்ப வந்து கத்துக்கிட்டுப் போனாங்க. உங்க ஒருநாள் வகுப்புல இல்லாதது அந்தத் திரும்பி வர்றதுதான்னு தோணுது.

மலையடிவார நர்ஸ்:
அதுக்கு வழி இருக்கு. சனிக்கிழமை காலையில ஒரு மணி நேரம் வரச் சொல்றேன், அந்த வாரம் எந்த வீட்டுல மாட்டிக்கிட்டாங்களோ அதை வச்சே பேசறோம். அரிசிப் பானைப் பெரியவரைத்தான் முதல்ல எடுக்கப் போறேன். இந்த வாரம் சொம்பு கொண்டுவரச் சொல்லியாச்சு. அக்கா ஒரு சந்தேகம்: புளி போட்டுத் தேய்ச்சா நெயில் பாலிஷ் போயிடாதா?

ரிட்டையர்டு நர்ஸம்மா:
போயிடும். ஆணியால கீறிடு. எவர்சில்வரைக் கெடுத்துட்டியேன்னு ரெண்டு மாமியார் திட்டுவாங்க, வாங்கிக்க.