நியோகான் சிந்தனைக் குழாம்களின் செல்வாக்கை ஆதாரத்தோடு காட்டுவது எப்படி?

பாலக்கோடு வாசகர்:
வணக்கம். தருமபுரியில் எங்கள் வாசகர் வட்டத்தின் அடுத்த கூட்டத்தில், அமெரிக்க நவபழமைவாதிகள் (நியோகான்கள்), அதாவது அமெரிக்கா தன் ராணுவ பலத்தை உலக அரசியலில் துணிந்து பயன்படுத்த வேண்டும் என்பவர்கள், தங்கள் சிந்தனைக் குழாம்கள் (கொள்கை ஆய்வு அமைப்புகள்) வழியாக வெளிநாடுகளில் எப்படிச் செல்வாக்குச் செலுத்தினார்கள் என்று 40 நிமிடம் பேச வேண்டும். ஆசிரியர்கள், லாரி வைத்திருப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். தமிழில் கையில் சிக்குவதெல்லாம் "உலகை ஆட்டுவிக்கும் ரகசியக் கூட்டம்" என்ற தோரணையில்தான் இருக்கிறது. அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம். ஓர் அறிக்கை எப்படி அரசின் கொள்கையாகிறது, பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தாளைக் காட்டிச் சொல்ல வேண்டும். எங்கே தொடங்கலாம்?

ஊத்தங்கரை செல்வம்:
ஒரே ஒரு விவகாரத்தை எடுத்து முழுதாக விரியுங்கள். பத்தைத் தொட்டுவிட்டு ஓடினால் கேள்வி நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஈராக்தான் இதற்குச் சரி. தாள்கள் எல்லாமே பொதுவில் இருக்கின்றன.

1997இல் வில்லியம் கிரிஸ்டலும் ராபர்ட் கேகனும் 'புதிய அமெரிக்க நூற்றாண்டுத் திட்டம்' என்ற சிறிய அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த ஜூன் 3ஆம் தேதிக் கொள்கை அறிக்கையில் 25 கையெழுத்து. டிக் செனி, டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட், பால் வுல்ஃபோவிட்ஸ் மூவரும் அதில் உண்டு. 1998 ஜனவரி 26 அன்று, ஈராக்கில் சதாம் உசேன் ஆட்சியை அகற்றச் சொல்லி அதிபர் கிளின்டனுக்கு 18 பேர் கடிதம் எழுதினார்கள். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று கிளின்டனே ஈராக் விடுதலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். சதாமை எதிர்க்கும் குழுக்களுக்கு 9.7 கோடி டாலர் வரை ராணுவ உதவி தர அது வழிவிட்டது. நாடு கடந்து வாழ்ந்த ஈராக்கியத் தலைவர் அகமது சலபியின் ஈராக் தேசிய காங்கிரஸ் அப்படித் தகுதி பெற்ற குழுக்களில் ஒன்று. 2001இல் புஷ் அதிபரானதும் செனி துணை அதிபர், ரம்ஸ்ஃபெல்ட் பாதுகாப்பு அமைச்சர், வுல்ஃபோவிட்ஸ் அவருக்கு அடுத்த இடம்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். கையெழுத்துப் பட்டியலைக் காட்டி, "ஆகவே இவர்கள்தான் போரைக் கொண்டுவந்தார்கள்" என்று முடித்துவிடுவார்கள். கடிதத்துக்கும் 2003 மார்ச் படையெடுப்புக்கும் நடுவில் ஐந்து ஆண்டுகள். செப்டம்பர் 11 தாக்குதல் நடக்காமல் இருந்திருந்தால் அந்தக் கடிதம் கோப்பிலேயே கிடந்திருக்கலாம். நெருக்கடி வந்த நாளில் திட்டம் எழுதித் தயாராக இருந்தது, எழுதியவர்கள் நாற்காலியிலும் இருந்தார்கள். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அவர்களுடைய பலம்.

இரண்டாவது உதாரணம் வேண்டுமானால் 2007. அமெரிக்கன் என்டர்பிரைஸ் இன்ஸ்டிட்யூட் என்ற சிந்தனைக் குழாமில் பிரெடெரிக் கேகன், ஈராக்குக்குக் கூடுதல் படை அனுப்பச் சொல்லி ஓர் அறிக்கை தயாரித்தார். ஓய்வுபெற்ற தளபதி ஜாக் கீன் உடன் நின்றார். ஜனவரி 10 அன்று புஷ் 20,000க்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்புவதாக அறிவித்தார். இங்கே இடைவெளி ஐந்தாண்டு இல்லை, சில வாரங்கள்தான்.

ஓசூர் கணக்கர்:
பணத்தைத் தேடும் வழியை நான் சொல்கிறேன் சார். அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் படிவம் 990 என்ற வரவு செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். புரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் 'நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர்' பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும். பெயரை வைத்துத் தேடினால் ஒத்த பெயர்கள் குழப்பும். ஒன்பது இலக்க வரி எண்ணை ஒருமுறை குறித்துக்கொண்டு, பிறகு அதை வைத்தே தேடுங்கள்.

சிந்தனைக் குழாமின் சொந்தப் படிவத்தில் நன்கொடையாளர் பெயரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நன்கொடையாளர் பட்டியலான 'ஷெட்யூல் பி' இணைப்பின் பொதுப் பிரதியில் பெயர்களை மறைத்திருப்பார்கள். அங்கே பகுதி 7இல் நிர்வாகிகளின் சம்பளத்தையும், 'ஷெட்யூல் எஃப்'இல் வெளிநாட்டுச் செலவையும் மட்டும் எடுங்கள். கொடுத்தவர் யார் என்பதை எதிர்த்திசையில் பிடிக்க வேண்டும். பிராட்லி, சாரா ஸ்கேஃப், ஸ்மித் ரிச்சர்ட்சன் போன்ற தனியார் அறக்கட்டளைகள் 990-பிஎஃப் என்ற படிவத்தில் யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்று வரிவரியாக எழுதியே ஆக வேண்டும். ஜான் ஓலின் அறக்கட்டளை 2005இல் மூடப்பட்டது, அதனால் பழைய ஆண்டுகளைப் பாருங்கள். பலரிடம் வாங்கித் தன் பெயரில் கொடுக்கும் 'டோனர்ஸ் டிரஸ்ட்' போன்ற இடைநிலை நிதி வழியாகப் பணம் வந்திருந்தால் தடம் அங்கேயே அறுந்துவிடும். அந்த இடத்தில் ஊகித்து எழுதாமல் நிறுத்துங்கள்.

இரண்டு பள்ளங்கள். சில அமைப்புகளுக்குத் தனிக் கணக்கே இருக்காது. செல்வம் சொன்ன 'புதிய அமெரிக்க நூற்றாண்டுத் திட்டமே' 'நியூ சிட்டிசன்ஷிப் புராஜெக்ட்' என்ற தாய் அமைப்பின் கீழ்தான் இயங்கியது. இன்னொன்று, டிசம்பரில் முடியும் கணக்குக்குக் கெடு அடுத்த மே 15, நீட்டிப்பு வாங்கினால் நவம்பர் 15. ஆகவே நடப்பு ஆண்டுத் தொகையை யாராவது உறுதியாகச் சொன்னால் எதிலிருந்து எடுத்தார் என்று கேளுங்கள்.

காவேரிப்பட்டினம் மாணவி:
எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள் அண்ணா. 1981இல் தொடங்கிய, பல நாட்டுச் சிந்தனைக் குழாம்களை இணைக்கும் அட்லஸ் நெட்வொர்க் சந்தைப் பொருளாதாரம் பேசுவது, நியோகான் அல்ல. 1983இல் உருவான, வெளிநாட்டு ஜனநாயகக் குழுக்களுக்கு நிதி தரும் தேசிய ஜனநாயக அறநிதிக்கு அமெரிக்க நாடாளுமன்றம் பணம் ஒதுக்குகிறது, இரண்டு கட்சிக்காரர்களும் அதில் இருக்கிறார்கள். நியோகான்களின் வேரே ஜனநாயகக் கட்சியின் செனட்டர் ஹென்றி ஜாக்சனைச் சுற்றி இருந்த கூட்டத்தில்தான்.

அவர் பெயரிலேயே 2005இல் பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் ஹென்றி ஜாக்சன் சொசைட்டி என்ற சிந்தனைக் குழாம் தொடங்கியது. நாடு தாண்டிய செல்வாக்குக்கு இது நல்ல உதாரணம். கிரிஸ்டல், ரிச்சர்ட் பெர்ல் போன்ற அமெரிக்கர்கள் புரவலர்கள். பிரிட்டிஷ் எம்.பி.க்களின் இரண்டு அனைத்துக் கட்சிக் குழுக்களுக்கு இந்த அமைப்பு செயலக வேலை பார்த்தது. 5,000 பவுண்டுக்கு மேல் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற விதி கழுத்தைப் பிடித்ததும் அந்த வேலையையே விட்டுவிட்டது.

பாலக்கோடு வாசகர்:
மூவருக்கும் நன்றி. லாரிக்காரர்கள் "இதனால் நமக்கு என்ன?" என்று நிச்சயம் கேட்பார்கள். டீசல் விலையைச் சொல்லலாமா?

ஊத்தங்கரை செல்வம்:
டீசல் விலையை இதில் இழுக்காதீர்கள். வரி, ரூபாய் மதிப்பு, கச்சா விலை எல்லாம் கலந்தது, பிரித்துக் காட்ட முடியாது. ஈரானைச் சொல்லுங்கள். 2001இல் தொடங்கிய 'ஃபவுண்டேஷன் ஃபார் டிஃபென்ஸ் ஆஃப் டெமாக்ரசீஸ்' என்ற அமெரிக்கச் சிந்தனைக் குழாம் ஈரான் அணு ஒப்பந்தத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் அறிக்கை எழுதியது. 2018 மே 8 அன்று அதிபர் டிரம்ப் அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியேறினார்; ஈரான் மீது அமெரிக்கத் தடைகள் திரும்பின. வெளியேறுவேன் என்பது தேர்தலிலேயே அவர் பேசியதுதான். அதையும் சேர்த்தே சொல்லுங்கள். இந்தியா உட்பட எட்டு நாடுகளுக்கு ஈரான் எண்ணெய் வாங்கத் தந்த தடை விலக்கு 2019 மே 2 அன்று முடிந்தது. அதுவரை நமக்கு அதிகம் எண்ணெய் விற்ற மூன்று நாடுகளில் ஈரானும் ஒன்று. விலையில் ஒரு பகுதியை யூகோ வங்கி வழியாக ரூபாயிலேயே கட்டிக்கொண்டிருந்தோம். அந்த இறக்குமதி அதோடு நின்றது. மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தில் ஈரானின் நாஃப்டிரான் நிறுவனத்துக்கு 15.4 சதவீதப் பங்கு உண்டு. அந்தப் பங்குப் பட்டியலை ஒரு தாளில் அச்செடுத்துக் கூட்டத்தில் சுற்றுக்கு விடுங்கள்.