மறு: நான்-ரிகோர்ஸ் லோன் - தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> 'பொறுப்பிலாக் கடன்' என்று வைத்துக்கொள்ளலாமே ஐயா, சுருக்கமாக இருக்கிறது.

வணக்கம் ஐயா. சுருக்கம் சரிதான், ஆனால் இந்தச் சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் முதன்முதலாக வாடகைக்கு விட வீடு வாங்கும் ஒருவர் இதைப் படித்தால், கட்டாவிட்டாலும் கேட்பார் இல்லை என்றுதான் நினைப்பார். உண்மையில் நான்-ரிகோர்ஸ் கடனிலும் தவணை தவறினால் வீடு போய்விடும். கடன் கொடுத்தவர் அந்த வீட்டைத் தாண்டிக் கைவைக்க முடியாது, அவ்வளவுதான். 3,00,000 டாலர் பாக்கியுள்ள வீடு 2,40,000க்கு ஏலம் போனால், மீதி 60,000க்காகச் சம்பளத்தையோ சேமிப்பையோ தொட முடியாது. எனவே என் பரிந்துரை 'ஈட்டளவுக் கடன்', அதாவது ஈடாக வைத்த சொத்தின் அளவுக்கே பொறுப்பு. எதிர்ச்சொல் 'முழுப்பொறுப்புக் கடன்'.

நம் ஊர் வீட்டுக்கடனுக்கு இது பொருந்துமா என்று அக்கா கேட்டிருந்தார். பொருந்தாது. அடமானச் சொத்தை வங்கி கைப்பற்றி விற்க வழிசெய்யும் இந்தியாவின் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம், பிரிவு 13(10)இன்படி, வீட்டை விற்ற பிறகும் குறையும் தொகைக்கு வங்கி கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இங்கே இருப்பவை முழுப்பொறுப்புக் கடன்களே.

அமெரிக்காவில் எல்எல்சி (LLC) எனப்படும், உரிமையாளரின் பொறுப்பை வரையறுக்கும் நிறுவன வகை பற்றியும் சொல்ல வேண்டும். அதன் பெயரில் வாங்கிவிட்டால் கடனிலிருந்தும் தப்பிவிடலாம் என்று புதிதாக வருபவர்கள் பலர் நம்புகிறார்கள். குடியிருப்பவர் படியில் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால், சொந்தச் சொத்தை எல்எல்சி பெரும்பாலும் காக்கும். கடன் விஷயம் வேறு. நேற்றுத் தொடங்கிய நிறுவனத்தை நம்பி வங்கி பணம் தராது. உரிமையாளரிடம் தனியாக ஜாமீன் கையெழுத்து வாங்கும். அதைப் போட்டால் அந்தக் கடனுக்கு எல்எல்சியின் காப்பு இல்லை. இந்தக் கையெழுத்தை 'ஆள்பிணை' எனலாம். முன்பு சொன்ன 'ஈட்டளவு' என்பதோடு சேர்த்து வைத்தால், எது வரை பொறுப்பு, யார் பொறுப்பு என்ற இரண்டும் பிரிந்து தெரியும். சொந்தப் பெயரில் கடன் வாங்கி, அப்புறம் பத்திரத்தை எல்எல்சிக்கு மாற்றுவோரும் உண்டு. உடைமை கைமாறினால் முழுக் கடனையும் உடனே கேட்கலாம் என்று அடமான ஒப்பந்தங்களில் பொதுவாக எழுதியிருக்கும். வங்கிகளின் அந்த உரிமையை 1982ஆம் ஆண்டின் கார்ன்-செயின்ட் ஜெர்மைன் சட்டம் உறுதிப்படுத்துகிறது.

இன்னும் ஒன்று பாக்கி. ஈட்டளவுக் கடனிலும், மோசடி செய்தாலோ வாடகைப் பணத்தை வேறு வழியில் திருப்பினாலோ பொறுப்பு கடனாளி தலையில் விழும் என்று விதிவிலக்குகள் எழுதுவார்கள். இந்த விதிவிலக்குகளுக்குப் 'பொறுப்பு மீள்விதி' என்று யோசித்தேன். 'மீள்' என்றால் விடுபடுவது என்றும் படிக்கலாம் என்பதால் தயங்குகிறேன். யாராவது நல்ல சொல் தாருங்கள்.